வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது

அலிப்பூர் கோர்ட்டு வக்கீல் முகர்ஜியும் சரி, துறைமுகத்து எஞ்சினியர் சட்டர்ஜியும் சரி, கழுத்துக்குப் பின்னால் ஒரு தமிழ் எழுத்தைச் சுமந்துகொண்டுதான் திரிந்தார்கள். சட்டைக் காலரின் உட்பட்டியைப் புரட்டினால் 'ம 12', 'ச 7' என்று கறுப்பு மையில் எழுதியிருக்கும். அது எங்கள் கடையின் குறி. அதைப் பார்த்து இது இன்னார் வீட்டுத் துணி என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கல்கத்தாவில் இரண்டே பேர். ஒருவன் நான், ஜம்புநாதன். இன்னொருவன் என் தம்பி சிவராம்.

எங்கள் அப்பா மஹாதேவன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற படுக்கை விரிப்புகளை வெளுக்க ஆள் அகப்படாமல் கப்பல்காரர்கள் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, வேலையை உதறிவிட்டுத் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் லாண்டரி வைத்தார். "நல்ல உத்தியோகத்தை விட்டுட்டு ஊர் அழுக்கைத் துவைக்கப் போறானாம்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டு வேட்டியெல்லாம் பிறகு எங்கள் கடைக்குத்தான் வந்தது, அது வேறு விஷயம். துவைக்கிற இடத்தில் பத்து கடைத் துணி ஒன்றாகக் கலந்து கிடக்கும். எல்லாக் கடையிலும் வங்காளத்திலோ ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ குறி போடுவார்கள். அப்பா தமிழில் போட்டார். எங்கள் துணி ஒன்றுகூட இன்றுவரை தொலைந்ததில்லை.

மை எது என்றால், சேராங்கொட்டை. கொட்டையை ஊசியால் குத்தி, கசிகிற பாலைத் தொட்டு எழுத வேண்டும். எழுதின கையோடு அதன் மேல் துளி சுண்ணாம்பு வைத்துவிட வேண்டும். வைக்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டால் தோலைப் பொசுக்கிவிடும். கழுத்தெல்லாம் கொப்புளம் கிளம்பும். துணி கிழிந்தாலும் கிழியும், அந்த மை மட்டும் போகாது. இதைத்தான் வாடிக்கைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், நாற்பது வருஷமாக.

குறிக்கும் அப்பா சில சட்டம் வைத்திருந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு குறி. வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தாலும் நாலு பேர் சட்டையிலும் ஒரே குறிதான். அதனால் கிடர்பூரில் எந்த வீட்டில் அண்ணன் தம்பி பிரிந்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். ஒருநாள் காலையில் ஒரு மருமகள் வந்து, "எங்களுக்குத் தனிக் குறி போட்டுடுங்க" என்பாள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். புதுக் குறி போட்டுக் கொடுப்பேன். இரண்டாவது சட்டம், எங்கிருந்து வந்தார், திரும்ப வருவாரா என்று தெரியாத வழிப்போக்கர்களுக்கு 'ங' வரிசை. "ங-வில யார் பேரும் ஆரம்பிக்காதுடா, அதனால குழப்பமே வராது" என்பார் அப்பா.

மூன்றாவது, எங்கள் வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது. "நம்ம துணி நமக்குத் தெரியாதா?" என்பார். ஆயிரம் துணிக்கு நடுவில் குறியில்லாமல் ஒரு பழஞ்சட்டை கிடந்தால் அது எங்களுடையது. அவ்வளவுதான் கணக்கு.

அப்பா போன பிறகு நானும் சிவராமும் கடையை நடத்தினோம். கடைக்கு மேலேதான் வீடு. நான், என் மனைவி ஷியாமளா, சிவராம், அவன் மனைவி பட்டு, அவர்கள் பெண் மதுவந்தி. எனக்குக் குழந்தை இல்லை. மதுவந்தி பக்கத்து வீட்டு வங்காளிக் குழந்தைகளைப் பார்த்து என்னை 'ஜேட்டு' என்றுதான் கூப்பிடுவாள். "பெரியப்பான்னு கூப்பிடுடி கழுதை" என்று விரட்டுவேன். "ஜேட்டு, ஜேட்டு" என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டு இஸ்திரி மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வாள்.

தொண்ணூற்றிரண்டு வாக்கில் சிவராம் ஒரு பேச்சை ஆரம்பித்தான்.

"அண்ணா, கப்பலெல்லாம் ஹல்தியாவுக்குப் போயிண்டிருக்கு. ஊர் தெற்கே வளர்றது. ஜாதவ்பூர், சந்தோஷ்பூர்னு நம்ம வாடிக்கையே அங்க வீடு கட்டிண்டு போறா. அங்க ஒரு கடை போடலாம்."

"அப்பா வச்ச கடையைப் பூட்டிட்டா?"

"பூட்டச் சொன்னேனா? ரெண்டா நடத்தலாம்."

"ரெண்டு கடைன்னா ரெண்டு முதலாளி. அதானே நோக்கு வேணும்?"

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். என் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னாலேயே எழுந்து போய்ச் சண்டை போட்டுவிட்டு வரும். ஒரு வருஷம் இப்படியே இழுத்தது. தொண்ணூற்று மூன்றில் அவன் பட்டுவின் நகையை அடகு வைத்து ஜாதவ்பூரில் இடம் பிடித்துவிட்டான். என்னிடம் காலணா கேட்கவில்லை. அதில்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறிற்று.

கிளம்புகிற அன்று வண்டியில் சாமானெல்லாம் ஏறியாயிற்று. அவன் கடைக்குள் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, "அண்ணா, என் துணி நாலு வெளுக்கப் போட்டிருக்கேன். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்" என்றான்.

அடுத்த வாரம் வருவதற்கு அவன் தேடிக்கொண்ட சாக்கு அது. இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆத்திரம் ஒன்றுதான்.

"தனியாப் போறவனுக்கு இங்க என்ன வீட்டுத் துணி? இனிமே உன் சட்டை இந்தக் கடைக்கு வந்தா குறி போட்டுத்தான் வாங்குவேன்."

கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். இஸ்திரி போடுகிற லகன் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். சிவராம் பின்கட்டுக்குப் போனான். கொடியில் பிழிந்து போட்டிருந்த தன் துணி நாலையும் ஈரத்தோடு உருவித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். கடை வாசல் வரைக்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று. மதுவந்திக்கு எட்டு வயது. வண்டியிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை.

"ஏன்னா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்கோளேன்" என்று ஷியாமளா சொல்லாத நாள் இல்லை. "அவன் வரட்டும், சின்னவன்தானே" என்பேன். தொண்ணூற்றெட்டில் ஷியாமளா போய்விட்டாள். சுடுகாட்டுக்கு அவன் வந்தான். கும்பலுக்குப் பின்னால் தனியாக நின்றான். அவன் முதலில் பேசட்டும் என்று நான் நின்றேன். அண்ணா கூப்பிடட்டும் என்று அவன் நின்றிருப்பான். எரிந்து முடிந்ததும் எல்லோரும் கிளம்பினோம்.

ஆனாலும் அவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஜாதவ்பூரில் வீடு, அலிப்பூர் கோர்ட்டில் வேலை என்று எத்தனையோ வக்கீல்கள். வீட்டுப் பக்கம் அவன் கடையில் ஒரு தடவை போடுவார்கள், கோர்ட்டுக்குப் போகிற வழியில் என் கடையில் ஒரு தடவை போடுவார்கள். தொழிலில் ஒரு மரியாதை உண்டு. மற்றக் கடைக் குறியை அழிக்க மாட்டோம், பக்கத்தில் எங்களுடையதைப் போடுவோம். அவனும் அப்பா மாதிரி சேராங்கொட்டையில் தமிழில்தான் போட்டான். ஒரே காலரில் என் எழுத்தும் அவன் எழுத்தும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே அவன் 'வ' போட்டால் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். எழுத்து அழுத்தமாக இருந்தால் வியாபாரம் நிதானமாக நடக்கிறது. இழுத்துக்கொண்டு போனால் வேலை ஜாஸ்தி. இரண்டாயிரத்தொன்றில் கொஞ்ச நாள் எழுத்து நடுங்கிற்று. அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பிறகு சரியாகிவிட்டது. நானும் தூங்கினேன்.

மேலே சாப்பிட ஆள் நான் ஒருத்தன்தான். ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வந்துவிடும். அழுக்குத் துணியைப் பிரித்து யார் காலரிலாவது அந்த வயிறு தள்ளின 'வ'வைப் பார்த்தால், யாரோ வாசலில் வந்து நின்று இருமினது போல இருக்கும். சிரிக்காதீர்கள். அதற்காகவே மூட்டைகளை நானே பிரிப்பேன்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்த எழுத்து மாறிற்று.

ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை. என் குறிக்குப் பக்கத்தில் பேனா மையில் இங்கிலீஷில் 'M 44' என்று இருந்தது, குண்டு குண்டாக. சரி, ஒன்று தவறிப்போய் வந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மூன்று வந்தது. மாசக் கடைசியில் எல்லாமே இங்கிலீஷ்தான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிற்று. அப்பா எழுத்தை விட்டுவிட்டான்! மிஷின் வாங்கிவிட்டான், ஆள் வைத்துவிட்டான், ஐயாவுக்கு இனிமேல் கையில் கறை படக்கூடாது. நேரே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதென்று அன்றைக்கே பஸ் ஏறினேன். பத்து வருஷமாகப் பாசத்துக்குக் கிளம்பாத கால், சண்டைக்கென்றதும் கிளம்பிற்று பாருங்கள்.

ஜாதவ்பூரில் இறங்கி, எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். எங்கள் கடை மாதிரி மூன்று கடை அதில் அடங்கும். கண்ணாடிக் கதவு. உள்ளே இரண்டு பெரிய மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல கும்பல். கல்லாவில் சிவராம் இல்லை. ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் உட்கார்ந்து சரளமாக வங்காளத்தில் பேசிக்கொண்டே காலரில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைக்கு மேலே மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி ஓடிற்று. ஆக, துரை மாடியில் படுத்துக்கொண்டு சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடை நடத்துகிறார். தெருவைத் தாண்டவில்லை. ஒரு மண்குவளை டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூட்டைகளை லகனையே பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

இரண்டாயிரத்து நான்கு, பங்குனி மாதம். மத்தியான வெயிலில் தெருவில் ஈ காக்காய் இல்லை. கடை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். அதே ஜீன்ஸ் பெண். கையில் பழைய பேப்பரில் சுற்றின ஒரு பொட்டலம்.

"ஜேட்டு, சின்தே பார்ச்சோ? என்னைத் தெரியறதா?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜேட்டு என்று என்னைக் கூப்பிட உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது வழக்கம்போல முந்திக்கொண்டது.

"தெரியாம என்ன? எங்கே உங்கப்பன்? வாசல்ல நிக்கறானா? வரச் சொல்லு. இங்கிலீஷ்ல குறி போடற பெரிய மனுஷனை நான் பார்க்கணும்."

அவள் கடைக்குள் வந்தாள்.

"அது என்னோட எழுத்து, ஜேட்டு. எனக்குத் தமிழ் எழுத வராது. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை போயிடுத்து. அதனால நான் எழுதினேன்."

"எப்போ?"

"போன வருஷ ஆரம்பத்துல. ஒரு வருஷத்துக்கு மேல மாடியிலயே படுத்திருந்தார். இந்தத் தை மாசம் போயிட்டார்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடிய அந்த மாடி ஜன்னல் கண்முன்னால் வந்து நின்றது. அன்றைக்குத் தெருவைத் தாண்டி, படி ஏறியிருந்தால் போதும். உயிரோடு இருந்தான். பத்துப் படியோ பன்னிரண்டு படியோ இருக்கும்.

"எனக்கு ஏண்டி சொல்லலே? யாரோ மாதிரி விட்டுட்டேளே! அண்ணா ஒருத்தன் இங்க உட்கார்ந்திண்டிருக்கேனே!" கத்திவிட்டேன். லகன் எட்டிப் பார்த்தான்.

அவள் பொட்டலத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். சந்தன நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை. நிறைய வெளுத்து மெத்தென்று ஆன பழஞ்சட்டை. காலரைப் புரட்டிக் காட்டினாள். 'ங 31'.

என் எழுத்து.

"முதல்ல ஒரு சின்ன ஸ்ட்ரோக் வந்தது, ரெண்டாயிரத்தொண்ணுல. கை சரியாயிடுத்து. ஆனா அப்பா பயந்துட்டார். துர்கா பூஜை சமயத்துல இந்தச் சட்டையை ஒரு வேன்காரன்கிட்ட கொடுத்து இங்க அனுப்பினார். எங்ககிட்ட சொன்னார்: 'அண்ணா பார்த்தாத் தெரிஞ்சுப்பான். இவ்வளவு பழசு, ஒரு கடைக் குறிகூட இல்லைன்னா யார் வீட்டுதுன்னு அவனுக்குத் தெரியாதா? குறி போடாமத் திருப்பி அனுப்பினான்னா எல்லாருமாக் கிளம்பிப் போயிடலாம்'னு. அம்மா புதுப் புடவையெல்லாம் எடுத்து வச்சா, ஜேட்டு. நாலு நாள் கழிச்சு சட்டை வந்தது."

ஆயிரம் துணி. அந்த வருஷம் மஹாளயத்துக்கும் சஷ்டிக்கும் நடுவில் ஆயிரம் துணிக்கு மேல் வந்தது. ஒரு வேன்காரன் வந்து, ஜாதவ்பூர் பாபு அனுப்பினார் என்று ஒற்றைச் சட்டையைப் போட்டுவிட்டு ஓடினது லேசாக ஞாபகம் வருகிறது. ஜாதவ்பூரிலிருந்து தினம் இருபது பேர் அனுப்புகிறார்கள். பேர் தெரியாது, குறியும் இல்லை. ஊசி கையில் இருந்தது. ங வரிசையில் அடுத்த எண் முப்பத்தொன்று. போட்டேன். சுண்ணாம்பும் வைத்தேன். ஊரில் உள்ள காலரெல்லாம் படிக்கிறவன், ஊரில் உள்ள வீடெல்லாம் எப்போது இரண்டாகிறது என்று கண்டுபிடிக்கிறவன், என் வீட்டுச் சட்டை என் கைக்கு வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பா காலரைப் பாத்தார். மடிச்சு உள்ள வச்சுட்டார். அப்புறம் அதைப் போட்டுக்கவே இல்ல. கடைசியில அம்மா உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னா. அப்பாதான் வேண்டாம்னார். 'குறி போட்டாச்சு. இனிமே நாம அவனுக்குக் கஸ்டமர். கஸ்டமர் போயிட்டா யாராவது லாண்டரிக்குப் போய்ச் சொல்லுவாளா?'ன்னார்."

"தெரியாமப் போட்டுட்டேண்டி மதுவந்தி" என்றேன். "சத்தியமாத் தெரியாது. பூஜைக் கும்பல்ல பாக்காமப் போட்டுட்டேன். அவனுக்காக நான் ஒவ்வொரு காலரா..." அறுபத்து மூன்று வயதில், கடையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதேன்.

"தெரியாமலா?" என்றாள் அவள். "அப்பா இதை ஒரு தடவைகூட நினைச்சுப் பாக்கலையே." சொல்லிவிட்டு அவளும் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சமாதானப்படுத்த எங்கள் இரண்டு பேருக்கும் ஆள் இல்லை. லகன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்தக் குறியை எடுக்க முடியுமா? எங்க கடையில எல்லா மருந்தும் போட்டுப் பாத்துட்டேன். போகல. அப்பாவோட ஞாபகமா அம்மாகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். ஆனா எடுக்கும்போதெல்லாம் யாரோ வழிப்போக்கன் சட்டை மாதிரி இருக்குன்னு அழறா. உங்களுக்கு ஏதாவது வழி தெரியுமோன்னுதான் வந்தேன்."

"போகாதுடி. துணி கிழிஞ்சாலும் போகாது."

"பட்டியை மாத்தித் தைக்கலாமா?"

"தைக்கலாம்." சொல்லிவிட்டு யோசித்தேன். "அவன் கழுத்து பட்ட பட்டி அது."

அவள் தலையாட்டினாள். சட்டையை மறுபடி பேப்பரில் சுற்றினாள்.

"நான் ஒரு நாள் அங்க வரட்டுமா? உங்கம்மாவைப் பார்க்கணும்."

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன், ஜேட்டு" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வெயிலில் இறங்கி டிராம் லைனைத் தாண்டிப் போனாள். இந்தத் தடவை நான் கையாட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு மாடிக்குப் போய் என் சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். ஏழு இருந்தது. ஒன்றில்கூட இதுவரை குறி விழுந்ததில்லை. புதுக் கொட்டை ஒன்றை எடுத்து ஊசியால் குத்தினேன். ஏழு காலரிலும் 'ங 31' என்று எழுதினேன். ஒரு வீட்டுக்கு ஒரு குறி. அவனுக்கு என்ன குறியோ அதுதான் எனக்கும்.

கடைசியாக எழுதினதை உடனே எடுத்துப் போட்டுக்கொண்டேன். மை ஈரமாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் பிடரி எரிய ஆரம்பித்தது. மறுநாள் காலையில் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"பாபு, சுண்ணாம்பு வைக்க மறந்துட்டீங்களா?" என்றான் லகன், பதறிப்போய்.

"மறக்கலைடா" என்றேன்.

ஜாதவ்பூரிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. மூட்டைகளை இப்போது மறுபடியும் நானே பிரிக்கிறேன். குண்டு குண்டான இங்கிலீஷ் எழுத்து வந்தால் ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டு, பக்கத்தில் எங்கள் கடைக் குறியைப் போடுகிறேன்.